ஒழுக்கு

சாய்ந்தமருதில் மூன்று நாளாக மழை.
பின்லாந்தில் என் மழைக்காகக் காத்திருக்கிறார்கள்.

என் மழை சின்னது.
கமராவைச் சுற்றி இருபது மீட்டர்ப் பெட்டி,
அதற்குள் ஆறாயிரம் கோடுகள்,
ஒவ்வொன்றுக்கும் ஆயுள் முக்கால் செக்கன்.
ஆடுகிறவர் நடந்தால் பெட்டியும் கூட நடக்கும்.
அவர் பார்க்காத தெருவில்
ஒரு துளியும் விழாது.
வீண்செலவு கூடாது,
ஒரு பிரேமுக்கு எனக்கு இரண்டு மில்லிசெக்கன்.
மழை, தெறிப்பு, சேறு,
தெருவிளக்கைச் சுற்றிய மூடுபனி
எல்லாம் அதற்குள்.

திங்கள் காலை ஒரு குறை வந்தது, இலக்கம் 417:
“மீனவர் வீட்டுக்குள் மழை பெய்கிறது.
கூரைக்குள்ளால், அடுப்புக்கு மேல்.”
அனுப்பியவள் ஐனோ. சிரிப்பு முகம் ஒன்றும் போடவில்லை.

வாசித்துக்கொண்டிருக்கும்போதே
எங்கள் ஓட்டிலிருந்து ஒரு துளி
மவுசுக்குப் பக்கத்தில்.
மேசையை இழுத்தேன். யூபிஎஸ்ஸைக் கட்டிலில் ஏற்றினேன்.
உம்மா குசினியிலிருந்து வாளி கொண்டுவந்தா.
ஆதம்பாவா மேசனுக்கு எடுத்தால்
“மழ விடட்டும் புள்ள, ஈர ஓட்டுல எப்பிடி ஏறுற?”
“மழ விட்டா ஒழுக்கு எங்கெண்டு எப்பிடித் தெரியும்?”
கொஞ்சம் யோசித்தார். பிறகு லைன் வெட்டுப்பட்டது.

அங்கே மேசன் தேவையில்லை.
வானத்தில் இன்னொரு கமராவைத் தொங்கவிட்டு
நேர் கீழே பார்க்கவைத்தேன்,
எது உயரம், எது பள்ளம் என்று.
ஒவ்வொரு துளியும் விழுமுன் அதைக் கேட்கும்.
ஓடு இருந்தால் ஓட்டிலேயே சாகும்,
செத்த இடத்தில் ஒரு தெறிப்பு.
மூன்று இரவு. இரண்டு தரம் கரண்ட் போனது.
வியாழன் சுபஹுக்கு முன்
மீனவர் வீடு காய்ந்து கிடந்தது.

எனக்குப் பிடிக்கவில்லை.
வாடகைக்கு விட வெள்ளையடித்துப் பூட்டிய வீடு மாதிரி.

பின்னால் என் வாளி
நிறைய நிறையக் குரல் மாற்றிக்கொண்டிருந்தது,
டங், டங், டொக்,
பிறகு க்ளுக்.

இரண்டு மில்லிசெக்கனில் ஒரு துணுக்கு மிச்சம் இருந்தது.
அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி
ஒரேயொரு ஒழுக்கு வைத்தேன்.
இடைவெளி ஒழுங்கில்லாமல், அதுதான் கஷ்டம்.
கீழே வாளி. வாளிக்குள் வளையம்.

“417 மூடப்பட்டது” என்று எழுதினாள் ஐனோ.
வாளியைப் பற்றி ஒரு சொல் இல்லை.
பரிசோதனைப் பதிவில் மட்டும் இருக்கிறது,
சண்டைக்கு ஒருவனும்
எடுக்க ஒரு காசும் இல்லாத அந்த வீட்டில்
நான்கு நிமிடம் பதினொரு செக்கன்
அசையாமல் நின்றிருக்கிறாள்.

வாளியை ஊற்றிவிட்டு வந்தேன்.
மழை விட்டிருந்தது.
இனி எந்த ஓடென்று
ஆருக்குத் தெரியும்.