மலைக் காட்சி உண்டு

முதலில் நாங்கள் நம்பி ஏமாந்தது
'ஐந்தே நிமிடம்'.
புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடம்.
யாருடைய நிமிடம் என்று கேட்டிருக்க வேண்டும்.
இரவு இரண்டு மணிக்கு, சிக்னல்கள் தூங்கும்போது,
புல்லட்டில் போகிறவனுடைய நிமிடமாம்.
கன்னங்குறிச்சி டவுன் பஸ்ஸில் நான்
நின்றுகொண்டே போனேன், நாற்பது.

பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
படத்தில் வெள்ளையாய் இருப்பது எலும்பு,
கறுப்பு வெறும் காற்று.
விளம்பரத்தையும் அப்படியே
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கப் பழகினேன்.
'வளர்ந்துவரும் பகுதி':
சாக்கடை இன்னும் வளர்ந்து வந்து சேரவில்லை.
'நல்ல காற்றோட்டம்':
எதிர்மனை இன்னும் விற்கவில்லை.
'லேசாகப் பெயின்ட் அடித்தால் போதும்' வீட்டில்
சுவரைத் தட்டினேன்,
கொஞ்சம் சுவர் என் கையோடு வந்தது.

கோரிமேட்டு வீட்டுக்கு
'ஏற்காடு மலைக் காட்சி' என்று போட்டிருந்தது.
ஜன்னல் ஜன்னலாகத் தேடினோம்.
மொட்டை மாடிக்கு வாங்க, என்றார் புரோக்கர் அர்த்தநாரி.
அங்கேயும் இல்லை.
டேங்க் மேல ஏறுங்க.
வேடியப்பன் ஏறினான்.
இரும்பாலையில் கிரேன் ஓட்டுகிறவன்,
உயரம் அவனுக்குப் பழக்கம்.
"தெரியுதா?"
"தெரியுது. ரெண்டு அபார்ட்மென்டுக்கு நடுவுல,
ஒரு கொண்டை ஊசி அளவுக்கு."
நானும் ஏறினேன்.
மலை இருந்தது, பொய்யில்லை.
நீலமாக, குறுக்கலாக,
கதவிடுக்கில் நின்று பார்க்கிற ஆள்போல.

பிடித்துவிட்டது எங்களுக்கு.
சமையலறையில் நின்று
அடுப்பு எங்கே என்று கையால் காட்டிக்கொண்டிருந்தேன்.
அப்போதுதான் வீட்டுக்காரர் வந்தார்,
வேட்டி மடிப்புக் கலையாமல்.
'அமைதியான குடும்பங்கள் வாழும் பகுதி' என்ற வரியை
அவர் வாயாலும் ஒருமுறை சொன்னார்.
பிறகு கேட்டார்:
"நீங்க என்ன ஆளுங்க?"

"எக்ஸ்ரே எடுக்கிற ஆளு," என்றேன்.
"நான் கிரேனுங்க," என்றான் வேடியப்பன்.
அவர் சிரிக்கவில்லை.
அர்த்தநாரி தன் செல்போனைப் பார்த்தார்,
அதில் ஒன்றும் இல்லை.
'விலை பேசிக்கொள்ளலாம்' என்றுதான் போட்டிருந்தது.
விலையைப் பற்றி
யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.
சொல்லி அனுப்புறோம், என்றார்.
இந்த மூன்று மாதத்தில் நாங்கள் படித்ததில்
அகராதியே தேவைப்படாத வரி அது.

வண்டியில் அஸ்தம்பட்டி வரை இருவரும் பேசவில்லை.
ரவுண்டானாவில் அவன் சொன்னான்:
"டேங்க் லீக்கு. ஏறினப்பவே பார்த்தேன்."
லீக் இல்லை. நானும்தான் ஏறினேனே.

மறுநாள் ஐந்து ரோட்டில் பத்திரிகை ஆபீஸ்.
வீடு தேவை, என்று நானே எழுதினேன்.
இருவர். ஒரு ஸ்கூட்டர். ஒரு தையல் மிஷின்.
ஞாயிறு மீன் குழம்பு, நைட் ஷிப்ட் உண்டு,
சண்டை போட்டால் தெருவுக்குக் கேட்கும்.
மலை தெரிந்தால் நல்லது.
அமைதியான குடும்பம்.

கவுன்டர் பெண் பேனா முனையால் எண்ணினாள்.
"நிறைய ஆகுதுக்கா,
ரெண்டு வார்த்தை எடுத்திட்டா
இந்த ரேட்டுக்குள்ள வந்துரும்.
மீன் குழம்பை எடுத்திரட்டுமா?"

அது இருக்கட்டும், என்றேன்.
கடைசி வரியை அடி.