பொருளற்ற பேச்சு

காந்தி ரோட்டில் இருபத்திரண்டு வருஷம்.
மூளை ஆபரேஷனுக்குப் போகிற தலைகளை
முந்தின ராத்திரி மழிப்பவன் நான்,
தோட்டப்பாளையம் நாதமுனி.
வங்காளித் தலை, அஸ்ஸாம் தலை,
ஆம்பூர்த் தோல் மண்டிக்காரர் தலை,
பூட்டானிலிருந்து வந்த ஒரு பிக்குவின் தலை.
அதில் எனக்கு வேலையே இல்லை, காசு மட்டும் வாங்கினேன்.
எழுத்து ஒன்றையும் நான் பார்த்ததில்லை.
தழும்பு உண்டு. மச்சம் உண்டு.
பிரம்மன் எழுதினதாகச் சொல்லும் இடத்தில்
பெரும்பாலும் பொடுகு.

இதைச் சொன்னதும் ஒலாடிப்போ சிரித்தார்.
கட்டில் ஆடியது, கத்தியைத் தூக்கிக்கொண்டேன்.
நைஜீரியாக்காரர், ஊர் அபியோகுட்டா.
அந்தப் பேருக்கே பாறைக்கு அடியில் என்று அர்த்தமாம்.
ஜன்னலுக்கு வெளியே
இருட்டிலும் சூடு விடாத நம் மொட்டை மலையைக் காட்டி
'நான் ஊரை விட்டு வரவே இல்லை போலிருக்கு' என்றார்.

அவர் இங்கிலீஷ் மெதுவாக வந்தது, என்னுடையது பொத்தலாக.
காலேஜில் முப்பது வருஷமாகத் தத்துவம் நடத்துகிறாராம்.
'யாரோட தத்துவம் சார்?'
குளிர்நாட்டில் ஒருத்தர்,
அடுப்புச் சூட்டில் தனியாக உட்கார்ந்து
உலகம் இருக்கா, கை இருக்கா, உடம்பு இருக்கா என்று
எல்லாத்தையும் சந்தேகப்பட்டாராம்.
அடுப்ப மூட்டுனது யாருன்னு கேட்டாரா, என்றேன்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
'எனக்கே தோணலை நாதமுனி.'

காதுக்குப் பின்னால் மழிக்கும்போது ஆரம்பித்தார்.
அவர் பாஷையில் தலைக்கு ஒரி என்று பேர்.
வெளித்தலை ஒன்று, உள்தலை ஒன்று.
பிறப்பதற்கு முன்னால்
அஜாலா என்கிற குயவனிடம் போய்
அவரவர் உள்தலையை அவரவரே பொறுக்கி எடுக்கணும்.
குயவன் கடன்காரன். கவனம் பத்தாது.
வேகாத தலையும் அதே அடுக்கில் இருக்கும்,
பூமிக்கு வரும் வழியில் மழை பிடித்தால்தான் தெரியும்.
யாரும் எழுதுவதில்லை. நாமே எடுத்தது.

'அப்ப திட்டறதுக்கு ஆளே இல்லியே சார்.'

'அதுதான் தத்துவம்' என்றார்.
'எங்க பாடத்திட்டத்தில் மட்டும் அது கடைசித் தாள்.
விருப்பப்பாடம். பழங்குடி நம்பிக்கைகள்.'
கொஞ்சம் பொறுத்து,
'அந்தத் தலைப்பை வைத்தது நான்.'

கண்ணாடி காட்டினேன்.
உச்சியைத் தடவிப் பார்த்து, இதைத்தான் எடுத்தேனா என்றார்.
எடுத்தாச்சு சார், இனி மாத்தித் தரமாட்டாங்க என்றேன்.

நாலாம் நாள், குழாய் ஒட்டுவதற்காகத்
தாடி எடுக்கக் கூப்பிட்டார்கள்.
சின்ன டாக்டர் பேனாவை நீட்டி
இது என்ன, இது எந்த வருஷம், இது எந்த ஊர் என்று
இங்கிலீஷில் கேட்டுக்கொண்டிருந்தார்.
ஒலாடிப்போ பதில் சொன்னார்.
நிறையச் சொன்னார், நிறுத்தி நிதானமாக,
ஒவ்வொரு சொல்லும் படி ஏறி, படி இறங்கி.
இங்கிலீஷ் மட்டும் எங்கோ போய்விட்டது.
டாக்டர் தாளில் எழுதினார்.
இன்னா சிஸ்டர் எழுதறாரு என்றேன்.
குழப்பம், பொருளற்ற பேச்சு.

மனைவி மொரேனிக்கே ஐந்து மணிக்குத்தான் உள்ளே வரலாம்.
கடிகாரத்தில் மூன்றேகால்.

ஒரி என்றார்.
மறுபடி ஒரி.
மூன்றாம் தரம் அவர் கை
கட்டுப் போட்ட தலைக்குப் போனது.
பிய்த்துவிடுவார் என்று சிஸ்டர் துணிப்பட்டையை எடுத்தாள்.

'கைய கட்டாதீங்கம்மா. தலையப் பத்திப் பேசிக்கினு இருக்காரு.'
'உனக்கு அந்த பாஷை தெரியுமா?'
'ஒரு வார்த்தை.'
'ஒரு வார்த்தை போதுமா?'
போதாதுதான்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார், நுரைக்கிண்ணத்தைப் பார்த்தார்.
எழுதினதை அடிக்கவில்லை.
அதன் கீழே, மொழி தெரியவில்லை என்று சேர்த்தார்.
யாருக்கு என்று எழுத
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

பட்டையை சிஸ்டர் கட்டிலோரம் வைத்துவிட்டுப் போனாள்.
அவர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.
நான் ம் கொட்டிக்கொண்டே மழித்தேன்,
இடது கன்னம், மோவாய், ம்,
குரல்வளையில் மெதுவாக, ம், ம்.
ஐந்து மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்.