கோரிப்பாளையத்தில் இடது பக்கம்

திரும்பும்போது மட்டும்தான் கத்தும்.
நேராகப் போகையில் வாயே திறக்காது.
கோரிப்பாளையம் சிக்னலில் இடது பக்கம் ஒடித்தால்
ஷேர் ஆட்டோவின் ஒன்பது தலைகளும்
ஒரே நேரத்தில் எட்டிப் பார்க்கும்.
"இம்புட்டுக்காணு வண்டிக்கு இம்புட்டுச் சத்தமா?"

சென்னை வெள்ளத்தில் கண்ணாடி மட்டம் மூழ்கி
இன்சூரன்ஸ் ஏலத்தில் எனக்கு விழுந்த
இரண்டு கதவுச் சிவப்பு.
மயக்க மருந்துப் பிரிவில்
பதினோரு வருட இரவு டூட்டி அதன் விலை.
வீட்டில் சொல்லவில்லை.
வாசலில் நிறுத்திய பிறகு சொல்லவும் தேவைப்படவில்லை.

பானட்டுக்குள் டார்ச் அடித்தார் தவசி.
துரு தின்ற விளிம்போடு
பவர் ஸ்டியரிங் புல்லி
தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தது.
"பம்பு தங்கம். புல்லிதான் தள்ளாடுது."

மூன்று வந்தன பெஞ்சுக்கு.
பழைய இரும்புக் கடையில் கிடைத்ததில்
கம்பெனி முத்திரை இருந்தது,
நகத்தால் தடவினால் மட்டும் தெரிகிற
மயிரிழை விரிசலும் இருந்தது.
அடுத்தது, கம்பெனி அளவிலேயே புது இரும்பு.
கனம், கறுப்பு, பார்க்க ஒன்றுமில்லை.
கடைசியாக, கோயம்புத்தூரில் கடைந்த அலுமினியம்,
கத்திரிப்பூ நிறம்,
பழையதைவிட அரை விரற்கடை பெரிது,
உள்ளங்கையில் வைத்தால் வைத்தது போலவே இல்லை.

பெரிய வட்டம் மெதுவாகச் சுற்றும்.
பம்பு சோம்பும்.
அது சோம்பியதில் மிச்சமான நாலு குதிரை
முன்னால் ஓடும்.
கப்பலூர் நாலுவழிச் சாலைக்கு அது அழகு.
விளக்குத்தூண் நெரிசலில்
ஊர்ந்துகொண்டே திருப்புகிற இடத்தில்
ஸ்டியரிங் அம்மிக்கல்.
"எங்க ஓட்டப்போறீங்க மேடம்? அதச் சொல்லுங்க மொதல்ல."

கணக்குப் போட்டேன்.
வாரத்தில் ஆறு நாள் விளக்குத்தூண்.
ஞாயிறு விடிகாலை ஒரு மணி நேரம் கப்பலூர்.
கணக்கு இரும்பைத்தான் சொன்னது.

கத்திரிப்பூவை எடுத்தேன்.

புதூர் எஸ்டேட்டில்
நஜ்முதீன் லேத்திலிருந்து இரவல் வந்த புல்லர்
பழையதை ஒரு சிணுங்கலில் உருவிவிட்டது.
புதியதை ஏற்றும்போது
ஹெல்ப்பர் அருளப்பன் சுத்தியலைத் தூக்கினான்.
"வை கீழ."
சொன்னது தவசி இல்லை, நான்.
நரம்பு தேடும் ஊசியை
யாரும் தட்டி இறக்குவதில்லை.

தண்டின் நடுவில் மரை, மரையில் நீள போல்ட்,
ஒரு சொட்டு எண்ணெய்.
கால் திருப்பு. கால் திருப்பு.
உலோகத்துக்குள் உலோகம் நுழைகிற முனகல்.
பாதியில் நின்றது.
ஆபரேஷன் தியேட்டரில் மானிட்டர் ஒரு துடிப்பைத் தவறவிட்டால்
நாங்கள் நிற்பதுபோல் நின்றோம்.
பிறகு தானாக மனசு வைத்து இறங்கியது,
தண்டின் முனையும் புல்லியின் முகமும்
ஒரே மட்டமாகும்வரை.

பக்கத்து மனையில் வீடு கட்டும் கொத்தனாரிடம்
நூல் கேட்டோம்.
கிராங்க்கிலிருந்து பம்பு வரை விறைப்பாக இழுத்தோம்.
அவரும் வந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.
"இந்தப் பக்கம் லேசாத் தள்ளுது."
இன்னொரு கால் திருப்பு.
"ம். சொவரா இருந்தா பூசலாம்."

பெல்ட்டைப் பூட்டப் போனால் எட்டவில்லை.
பெரிய வட்டத்துக்குப் பெரிய பெல்ட் வேண்டும்.
மூன்று பேர் நாலு நாள் பேசியதில்
இதை மட்டும் யாரும் பேசவில்லை.
அருளப்பன்தான் முதலில் சிரித்தான்.
பெல்ட் வரும்வரை டவுன் பஸ்ஸில் டூட்டிக்குப் போனேன்,
படியில் ஒரு கால்.

புதன்கிழமை, கோரிப்பாளையம், இடது பக்கம்.
ஒரு சத்தமும் இல்லை.
ஷேர் ஆட்டோவில் ஒரு தலையும் திரும்பவில்லை.
கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது, பொய் சொல்வானேன்.
வலது தோளில் வலி எடுத்தது.
ஞாயிறுக்கு இன்னும் நாலு நாள்.