இரண்டு மில்லி

ஜொகூருக்குப் போனபோது மாரப்பன்
பெட்ரோல் மெஷினை லோரியில் ஏற்றிக்கொண்டான்.
மறந்தானோ, பாவம் பார்த்தானோ,
மூன்று மில்லி நைலான் சுருள் ஒன்று
மீட்டர் பெட்டிக்கு மேல் கிடந்தது.
ஆரஞ்சு நிறம், பாதிக்கு மேல் மிச்சம்.

நான் தவணையில் எடுத்தது பேட்டரி மெஷின்.
புகை இல்லை. கயிறு இழுக்க வேண்டாம்.
விரலால் ஓர் அழுத்து, தும்பி இரைச்சல்.
"புல்லுக்குச் சவரமா வேதாக்கா?" என்று
பாடாங் செராய் பஸ் நிலையத்தில் சிரித்தார்கள்.

கிடக்கிறதை வீணாக்குவானேன் என்று
மூன்று மில்லியை நறுக்கித் தலையில் கோத்தேன்.
கண்ணுக்குள் நுழையாமல் முரண்டியது.
முனையைச் சரிவாகச் சீவி
பல்லைக் கடித்து நுழைத்தேன்.
சீனக் கல்லறை மேட்டில்
முதல் வரிசைகூட முடியவில்லை.
மெஷின் முனகியது. கைப்பிடி சுட்டது.
நான்கு பச்சை விளக்கில் மூன்று
ஆறாவது நிமிடம் அணைந்தன.
செங் பெங்குக்கு இன்னும் இரண்டு நாள்.

கடைக்கார ஆ லியோங் சுருளை உருட்டிப் பார்த்தார்.
"இது தோட்டத்து மெஷினுக்கு,
செம்பனை அடியில லாலான் வெட்ட.
ஒன் மெஷின் சின்ன வயிறு.
இவ்ளோ தடியா ஊட்டினா எப்படி?"

சுவரில் ஆணிக்கு ஆணி நூல்:
சதுரம், நட்சத்திரம், முறுக்கு,
நடுவில் கம்பி ஓடுவதாகச் சத்தியம் செய்யும் ஒன்று.
"அத விடு. அறுந்தா ஆளத் தேடும்."
நான் எடுத்தது வட்டம். இரண்டு மில்லி. மஞ்சள்.
மெஷின் புத்தகத்தின் கடைசித் தாளில்
பொடி எழுத்தில் இத்தனை நாளும்
அதுதான் எழுதியிருந்தது.
பதினைந்து மீட்டர், பன்னிரண்டு வெள்ளி அறுபது காசு.

இரவு வாளித் தண்ணீரில் ஊறப் போட்டேன்.
காய்ந்த நைலான் பட்டென்று ஒடியும்,
ஊறினால் வளைந்து கொடுக்கும்.
எதிர்வீட்டு நோரைனி எட்டிப் பார்த்து
"மீயா?" என்றாள்.
"மீதான்" என்றேன்.

உருளையின் முகத்தில் ஓர் அம்பு இருக்கிறது.
அது காட்டும் பக்கமே சுற்ற வேண்டும்,
ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல்,
இறுக்கி, ஆனால் நெரிக்காமல்.
முதல் தடவை எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டேன்.
அவன் மெஷினுக்குப் பதினொரு வருஷம்
நான்தான் சுற்றிக் கொடுத்தேன்.
கைக்கு அந்தப் பக்கம்தான் தெரியும்.
எல்லாவற்றையும் உருவி, மறுபடி.

மறுநாள் லிம் குடும்பத்துக் கல் ஓரம்.
கல்லை உரசினால் தேய்வது நூல்;
கல்லுக்கு ஒன்றும் இல்லை.
தரையில் ஒரு தட்டு,
உள்ளிருந்து இரண்டு விரற்கடை வெளியே வரும்.
தேயும். இன்னொரு தட்டு.
நுனியால் வெட்டு, உள்ளே முட்டாதே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
தொட்டாச்சிணுங்கி, வெட்டு விழும் முன்பே
காற்றுக்கே சுருண்டு படுத்துவிட்டது.
வேறு வரிசைக்குப் போய்விட்டு
அது நிமிர்ந்த பிறகு வந்து வெட்டினேன்.

இரண்டு பேட்டரியும் தீர்ந்தபோது
நாற்பத்தோரு கல் வெளியே தெரிந்தது.
பிறகு குனிந்து பொறுக்கினேன்
அறுந்த துணுக்குகளை,
நகம் வெட்டிப் போட்டது போல் மஞ்சள் மஞ்சளாய்.
சாயங்காலம் கலியன் வீட்டு மாடுகள் அங்கே மேயும்.
கிடைத்தது பதினேழு.
கிடைக்காதது எத்தனையோ.

மூன்று மில்லியைக் குப்பையில் போடவில்லை.
பின்வாசல் தூணிலிருந்து கொய்யா மரம் வரை
இழுத்துக் கட்டினேன்.
ஈரக் கால்சட்டை, மகளின் பள்ளிச் சட்டை,
கட்டிலில் விரித்த கனத்த போர்வை,
எதற்கும் தொய்வதில்லை.

சனிக்கிழமை மாரப்பன் போன் போட்டான்.
மகளைக் கேட்டான். மழையைக் கேட்டான்.
கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு,
"அங்க என் நைலான் ஒன்னு கெடக்குதா?" என்றான்.

கெடக்குது,
துணி காயுது, என்றேன்.