தொகை

தோ பாயோ, லோராங் நான்கு, பதினோராம் மாடி.
லொரெதானா ஃபுர்லானின் சாப்பாட்டு மேசையில்
சாப்பிட இடமிருந்து நான் பார்த்ததில்லை.
முப்பத்தொரு பெண்களின் எழுத்து
ரப்பர் பேண்டு போட்டு, கட்டுக்கட்டாய்.
ஒன்றின்மேல் தக்காளிக் கறை.
"உன்னுடையது இல்லை, பயப்படாதே" என்றாள்.
என்னுடையதுதான்.

கப்பல் பட்டறைப் பொறியாளரின் மனைவியாக
எண்பத்தெட்டில் வந்து இறங்கியவள்.
ஒப்பந்தம் முடிந்து அவர் திரும்பிப் போனார்.
இவள் போகவில்லை.
அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை என்பாள்.
எழுதிய எல்லாவற்றிலும்
ஒரு கதவு பாதி திறந்தே கிடக்கும்.

முதல் புத்தகம் தாய்மொழியில், இருநூறு பிரதி.
நூற்றறுபது இன்னும் கட்டிலுக்கடியில்.
அடுத்ததை ஆங்கிலத்தில் எழுதினாள்:
"இரவல் சட்டை மாதிரி. தோள் சரி, கைதான் நீளம்."
பிறகுதான் மற்றவர்களைத் தேடிப் போனாள்.
ஞாயிறு மட்டும் எழுதக் கிடைக்கும் ஒரு பணிப்பெண்,
இரவுப் பணித் தாதி,
பிடோக் சந்தையில் மீன் வெட்டும் ஒருத்தி,
நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் நான்.

தமிழிலேயே வாசி என்றாள்.
ஒரு சொல் தெரியாது அவளுக்கு.
கண்ணை மூடி, பென்சிலால்
மேசையைத் தட்டியபடி கேட்டாள்.
ஏழாம் வரியில் பென்சில் நின்றது.
"இங்கே பொய் சொல்கிறாய்."

பத்தொன்பது வருடம்
பிறர் பொய்யை ஓர் எழுத்து பிசகாமல்
நீதிபதிக்கு எடுத்துச் சொன்னவள் நான்.
என்னுடையதை யாரும் பிடித்ததில்லை.
அந்த வரியை அடித்தேன்.
மாற்று வரி இன்றுவரை வரவில்லை.
நாற்பத்தாறாம் பக்கத்தில்
அந்த இடம் வெறும் காகிதம்.

பக்கம் கூடிவிட்டது, ஒருத்தி போகவேண்டும்
என்றார் பதிப்பாளர்.
ஒரு வாரம் போன் எடுக்கவில்லை.
பிறகு தன் கதையைத் தானே உருவிவிட்டாள்.
"தியாகம் கியாகம் என்று எங்காவது எழுதிவைக்காதே.
கதை சரியாக வரவில்லை, அவ்வளவுதான்."
நான் படித்திருக்கிறேன். சரியாகத்தான் வந்திருந்தது.
கதவு அதில் முழுக்கத் திறந்திருந்தது.

நாற்பது வெள்ளிக் காசோலையை என் கையில் தந்தாள்.
எங்கள் மொழியில் இதுவும் தொகை,
நீங்கள் செய்வதும் தொகை என்றேன்.
"இரண்டில் எது சின்னது?" என்று சிரித்தாள்.
ஈராயிரம் வருடப் பாட்டுகளைத் தொகுத்தவர்கள் சிலருக்குப்
பெயர்கூட மிஞ்சவில்லை என்றும் சொன்னேன்.
"கொடுத்துவைத்தவர்கள்.
என் கவிதையில் ஏன் கை வைத்தாய் என்று
அவர்களுக்கு யாரும் கடிதம் போட முடியாது."

போன ஞாயிறு அழைத்தாள். ஐந்தாவது தொகுப்பாம்.
"உங்கள் சாட்சிக் கூண்டில்
பேசிக்கொண்டே இருந்து
சட்டென்று நிறுத்திவிடுகிற பெண்கள் உண்டா?
ஒரு விலாசம் போதும்."
அது கூடாது என்றேன்.
தெரியும் என்றாள்.
அவள் பக்கம் தண்ணீர் கொதிக்கும் சத்தம்,
என் பக்கம் மழை.
இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.