நாலு குடம்

மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம்
பதினோரு சதவீதத்தில் வந்து நின்றுவிடும் என் போன்.
பெருங்குடியில் பதினாலு மாடி லிப்ட் குழிக்குள்
ரெயிலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பேன்.
சட்டைப்பையில் அது கொதிக்கும்,
காய்ச்சல்காரப் பிள்ளையை நெஞ்சில் போட்டிருப்பதுபோல.

ரிச்சி தெருவில், மழை விட்ட சேற்றில்,
மூன்றடிக் கடைக்குள் மடங்கி உட்கார்ந்திருந்த நியாமத்
போனை வாங்கிப் பார்த்தான்.
"பேட்டரி நல்லாத்தான் இருக்கு அண்ணே.
உள்ள குடித்தனம்தான் ஜாஸ்தி."

நாலு குடித்தனம்.
தேவசகாயம் சாருக்கு ஒன்று.
நின்றுபோன லிப்டின் விலாசத்தை அனுப்புவார்,
முன்னும் பின்னும் ஒரு சொல் இருக்காது.
அடுக்ககச் சங்கத்துச் செயலாளர்கள் பன்னிரண்டு பேருக்கு ஒன்று,
அதில் எப்போதும் யாராவது கோபமாக இருப்பார்கள்.
ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் மச்சானுக்கு ஒன்று.
நாலாவது பழையது.
அதில் ஒரே ஒரு பெயர்.

"நாலும் தனித்தனியா எழுந்து போய்
தபால் இருக்கா தபால் இருக்கான்னு கேட்டுட்டு வருது.
தபால் இல்லேன்னாலும் நடந்த நடை நடைதானே?
மெட்ரோ வாட்டர் லாரிக்கு
நாலு வீட்லேர்ந்து நாலு பேர் எதுக்கு அண்ணே?
ஒருத்தன் போயி நாலு குடத்தையும் ரொப்பிக்கிட்டு வரட்டும்."

நூற்றைம்பது ரூபாய். இருபது நிமிஷம்.
நடுவில் ஒரு டீ சொன்னான்.

எது எவ்வளவு தின்கிறது என்று
கம்பி கம்பியாய்ப் போட்டுக் காட்டினான்.
மேலே இருந்தது பழையது.

இரண்டு வருஷமாக ஓர் எழுத்து வரவில்லை அதில்.
ஆனாலும் நாலு நிமிஷத்துக்கு ஒருதரம் விழித்து,
எந்த ஊரிலோ இருக்கும் எந்திரத்திடம் கேட்டு,
இல்லை என்றதும் திரும்பிப் படுத்திருக்கிறது.
நான் தூங்கும்போது.
தங்கச்சி கல்யாணத்தில் பந்தி பரிமாறும்போது.
சிக்னலே எட்டாத குழிக்குள் நான் இறங்கும்போது
இன்னும் பதறிப் பதறி.

எமில்டாவின் கடைசி வரி அதிலேயே இருக்கிறது:
அஜாக்ஸ் பஸ் வந்துடுச்சு. அப்புறம்.

"இதை எடுத்துடவா அண்ணே?"

டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.
ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிய மீன்பாடி வண்டி ஒன்று
எங்கள் இருவரையும் சுவரோடு ஒட்டவைத்துப் போனது.

"இருக்கட்டும்."

என் முகத்தை அவன் பார்க்கவில்லை. நல்ல பையன்.
"அப்ப இதை மட்டும் தூங்க வச்சிடறேன்.
தானா எழுந்துக்காது.
நீங்க தட்டினா போய்ப் பார்த்துட்டு வரும்."

மறுநாள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.
பழக்கமில்லாத விரல்.
மச்சானுக்கு அடித்த "சாப்ட்டியாடா மாப்ளே"
தேவசகாயம் சாருக்குப் போய்விட்டது.
பெருங்குடி ஆறாவது மாடியில்
வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.
ஒரு நிமிஷம் கழித்து வந்தது:
"இன்னும் இல்லை."
ஏழு வருஷத்தில்
கட்டடம் இல்லாமல் அவர் அனுப்பிய முதல் செய்தி.

சாயங்காலம் செயலாளர் ஒருவர் கேட்டார்,
ஏன் போனை எடுக்கவில்லை என்று.
சார்ஜ் இல்ல சார் என்று வாய் தொடங்கிவிட்டது.
கையில் அறுபத்தெட்டு இருந்தது.
எடுக்கத் தோணலை சார் என்றேன்.
அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி பறக்கும் ரயிலில் ஜன்னலோரம்.
நாற்பத்தொரு சதவீதம்.
இந்த நேரத்துக்கு இவ்வளவு மிச்சம் வைத்துப் பழக்கமில்லை.
உள்ளங்கைக்குக் குளிர்ச்சியாக இருந்தது,
வேறு யாருடைய போனோ போல.

கோட்டூர்புரத்தில் ஒருமுறை தட்டினேன்.
வட்டம் சுற்றியது, நின்றது.
கீழே அடையாறு கறுப்பாகக் கடந்துபோனது.
மந்தைவெளியில் மறுபடி.
முண்டகக்கண்ணியம்மன் கோயிலில் மறுபடி.

திருவல்லிக்கேணியில் இறங்கும்போது
நாற்பது.