பல்லில் கவ்விய கையுறை

சூரியன் எட்டிப் பார்க்காத டிசம்பரில்
ட்ரம்சோ படகுத்துறைக்கு
மூன்று பேர் போனோம், ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு.
புதிய பயணச்சீட்டு இயந்திரத்தைப் பற்றிப்
பதினான்கு பேரிடம் கேட்க வேண்டும்.
வெள்ளிக்கிழமை வகுப்பில் சொல்ல வேண்டும்.

"இயந்திரம் சௌகரியமாக இருக்கிறதா?"
"பரவாயில்லை" என்றார்
மீன் பெட்டிகளோடு நின்ற ஒட்வார்.
"பரவாயில்லை" என்றாள்
குழந்தையை மார்பில் கட்டியிருந்த மரீட்.
பதினோராவது ஆள் கேள்வியை முடிக்கவே விடவில்லை,
தலையை ஆட்டிவிட்டுப் படகுக்கு ஓடினார்.
அதையும் பரவாயில்லை என்றே எழுதிக்கொண்டேன்.

ஸ்டூடியோச் சுவரில் மஞ்சள் சீட்டுகள்.
ஒத்ததை ஒத்ததோடு ஒட்டு என்பது விதி.
பதினான்கும் ஒரே இடத்தில் போய்க் குவிந்தன.
மேலே கொட்டை எழுத்தில் 'திருப்தி' என்று எழுதிவிட்டு
ஐலிவ் காபி போடப் போனான்.
இரவு ஒன்பதுகூட ஆகவில்லை, வேலை முடிந்துவிட்டது.

சுன்னிவா மட்டும் ஹெட்போனைக் கழற்றாமல்
விரல் மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.
"ஒட்வாருக்கு ஏழு விநாடி" என்றாள்.
எதற்கு ஏழு?
"பரவாயில்லைக்கு முன்னால்."

கேட்டோம்.
காற்று. படகின் உறுமல்.
கம்பளி உரசுகிறது.
கண்ணாடியில் விரல் தட்டுகிறது, மறுபடி தட்டுகிறது,
பிறகு வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிறவரின்
குழறிய 'பரவாயில்லை'.
கையுறை. பல்லில் கவ்வியிருக்கிறார்.
எதிரே நின்று பார்த்தவன் நான்.
பார்த்தேன் என்பது என் தாளில் எங்கும் இல்லை.

அதைவிட மோசம் என் குரல்.
சௌகரியம் என்ற சொல்லை நானே நீட்டி
நானே திரும்ப வாங்கியிருக்கிறேன்,
பந்தியில் கரண்டியை முதுகுக்குப் பின் மறைத்துக்கொண்டு
'போதும்தானே' என்று கேட்கிறவனைப் போல.

ஐலிவ் 'திருப்தி'யைக் கிழிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான், பேனா முனை மடங்கும்படி.
விநாடிகளை நீலச் சீட்டில் எழுதத் தொடங்கினோம்:
ஏழு, நான்கு, பதினொன்று,
மரீட்டுக்குப் பத்தொன்பது, நடுவில் குழந்தையின் அழுகை.
அழுகைக்கு எந்த நிறச் சீட்டு என்று
கால் மணி நேரம் சண்டை.
விடிந்தபோது, எங்கே விடிந்தது, மணி ஆறானபோது
சுவரில் மஞ்சளைவிட நீலம் அதிகம்.
எதற்கும் தலைப்பு இல்லை.

முதல் படகுக்குப் போய்
யாரிடமும் எதையும் கேட்காமல் வரிசையில் நின்றேன்.
திரை என் விரலை ஒரு விரலாகவே மதிக்கவில்லை.
இன்னொரு கையில் பை.
பல்லால் இழுத்தேன்.
"ரொம்பச் சிரமமா?" என்றது பின்னால் ஒரு குரல்.

வாய் நிறைய ஈரக் கம்பளி.
நானும் அதே சொல்லைத்தான் சொன்னேன்,
கொஞ்சம் சிரித்துக்கூட.